பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் நாளுக்காக

கோவலூரை ஆண்ட மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் முனைந்தபோது, கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடிய பாட்டு புறநானூற்றில் 46ஆவது. பாட்டில் அரசனுக்குச் சொல்லும் நியாயம் இருக்கிறது. ஆனால் படித்த பிறகு மனத்தில் நிற்பது அந்தப் பிள்ளைகளின் முகம்தான். அழுதுகொண்டிருந்த சிறுவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். கூடியிருக்கும் மன்றத்தைப் புதிதாய்ப் பார்த்து மருள்கிறார்கள். ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் இடையில் குழந்தை முகம் எப்படி மாறியது என்பதைப் புலவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறார். பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பின்படி பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர். பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் இன்று பிள்ளை முகத்தைப் பார்க்கப் புலவர் வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு செல்போன் இருக்கிறது. குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது, முதல்நாள் பள்ளிக்கூடம் போகும்போது என்று பெற்றோர் எடுத்துத் தள்ளுகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இதில் எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம், எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எடுக்கும் குழந்தைப் படத்தின் உண்மையான வாசகர் அந்தக் குழந்தைதான். இருபது, முப்பது ஆண்டு கழித்து அது திரும்பிப் பார்க்கப்போகிற நாளை மனத்தில் வைத்துத்தான் எடுக்கவேண்டும், பாதுகாக்கவேண்டும், பிறர்க்குக் காட்டவோ காட்டாதிருக்கவோ வேண்டும்.

குழந்தையின் அன்றாடத்தைப் பதிந்து வைக்கும் ஆசையைக் கேமரா நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூறு 188இல், சிறு நடை நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டு அளைந்து, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பார்க்கிறோம். அரசன் பாடியது அரண்மனைப் பிள்ளையின் அலங்காரத்தை இல்லை. சாப்பாட்டு நேரத்து அமர்க்களத்தை. பின்னால் பிள்ளைத்தமிழ் என்றே ஒரு இலக்கிய வகை எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக வைத்துப் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களைப் பிரித்து, மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை எந்த மாதத்தில் எதைப் பாடவேண்டும் என்று பாட்டியல் நூல்கள் வகுத்தன. தலை நிற்பது, கை தட்டுவது, தளர்நடையில் வருவது, நிலாவைக் கூப்பிடுவது என்று பிள்ளை வளரும் வரிசை அதில் இருக்கிறது. இன்றைய அம்மா போனில் மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக அடுக்குகிறார் என்றால், அவருக்கு முன்னால் எண்ணூறு ஆண்டு நீளமுள்ள ஒரு மரபு நிற்கிறது.

கேமரா தமிழ்நாட்டுக்கு வந்தபோது குழந்தைகளைத் தேடி வரவில்லை. சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி 1856இல் தொடங்கியது. அதே ஆண்டு அரசுப் படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப், அடுத்த ஆண்டுகளில் தஞ்சை, திருச்சி, மதுரை என்று சுற்றிக் கோவில்களையும் கோட்டைகளையும் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். நெடுநேரம் ஒளி பட வேண்டியிருந்த அந்தக் காலத்தில் நெளியாமல் நின்றது கல் மட்டும்தான். குழந்தை நெளியும். ஐரோப்பிய ஸ்டுடியோக்களில் துணி போர்த்திய தாய் நாற்காலிபோல உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட படங்கள் நிறைய உண்டு. படத்தில் துணிக்குள் ஒரு ஆள் இருப்பது தெரியும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1896இல், பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் அரகண்டநல்லூர்க் கோவிலில் சிறிது நேரம் தங்கினான். மறுநாள் ஆற்றுக்கு இக்கரையில் கீழூரில் தன் கடுக்கனை அடகு வைத்து வழிச்செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டான். பின்னால் ரமண மகரிஷியாக உலகம் அறிந்தவர் அவர். வக்கீல் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் நமக்குக் கிடைக்கும் அவருடைய படங்கள் எல்லாம் அவர் மலைக்கு வந்து சேர்ந்த பிறகு எடுத்தவை. திருச்சுழியிலோ மதுரையிலோ சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன பையனின் முகம் நம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கே அன்று குழந்தைப் படம் எட்டாத ஒன்றாக இருந்தது.

உலக அளவில் இதை மாற்றியது விலை. 1888இல் வந்த கோடாக் கேமரா, படமெடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிப் படங்களைக் கழுவி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. 1900இல் ஒரு டாலருக்கு வந்த பிரௌனி கேமராவைப் பிள்ளைகளே எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். இந்தியாவில் வீட்டுக்குள் கேமராவை எடுத்துப் போனவர்கள் முதலில் வசதி படைத்தவர்கள்தாம். அவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954) அறுபது ஆண்டுக் காலம் தன்னையும் தன் மனைவியையும், அமிர்தா, இந்திரா என்ற இரண்டு மகள்களையும் ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அமிர்தா பின்னாளில் பெரிய ஓவியர் ஆனார். அவர் சிறுமியாக நின்ற விதம், உடுத்தியது, தங்கையோடு சேர்ந்திருந்தது எல்லாம் தந்தையின் படங்களில் இருப்பதால்தான், பேரன் விவான் சுந்தரம் அவற்றை எடுத்து 2001இல் ஒரு புதிய கலைப்படைப்பைச் செய்ய முடிந்தது. அப்பா எடுத்த வீட்டுப் படம் பேரனுக்குக் கச்சாப்பொருள் ஆனது.

நம் பக்கத்துக் கதை வேறு. இங்கே குழந்தைப் படம் என்றால் ஸ்டுடியோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மானிடவியலாளர் ஸோயி ஹெட்லி தலைமையில் ஒரு குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்பதிவு செய்தது. தமிழ்க் குடும்பம் தன்னைக் கேமராவுக்கு முன் எப்படி நிறுத்திக்கொண்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றுத் தொகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டுடியோ குழந்தைப் படங்களுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. குப்புற விழுந்ததும் ஒரு படம்: வெறும் உடம்பு, இடுப்பில் அரைஞாண், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. முதல் பிறந்தநாளுக்கு ஒரு படம். மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் சடை போட்டு, பூ வைத்து, பாவாடை கட்டி ஒரு படம். காதுகுத்துக்கு ஒரு படம். பெண் பிள்ளைக்குப் பூ வைத்துத் தைத்த சடையோடு ஒரு படம். அந்தப் படத்தில் பின்னால் கண்ணாடி வைப்பார்கள், முகமும் பின்னலும் ஒரே சட்டத்தில் தெரியவேண்டும் என்பதற்காக. இந்தக் கண்ணாடி ஏற்பாட்டை யார் முதலில் யோசித்தார்களோ, அவர் பெரிய கலைஞர். ஒரு மாலை நேரம் முழுவதும் அத்தையோ பெரியம்மாவோ உட்கார்ந்து தைத்த பூ மறுநாள் வாடிவிடும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது.

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்ற பயமும் கூடவே இருந்தது. கண்ணேறு படும் என்று பிறந்த குழந்தையைப் பல மாதம் எடுக்கவிடாத பாட்டிகள் இன்றும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கண்டவர் கண்ணிலெல்லாம் பிள்ளை முகம் படவேண்டாம் என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. இன்றைய இணையத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாட்டி பக்கம் நியாயம் கூடுகிறது. இதன் மறுபக்கம் துயரமானது. உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுக்கப்படாத பிள்ளை இறந்துபோனால், அப்போதுதான் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, மடியில் வைத்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

ஸ்டுடியோவில் எடுத்த பிள்ளை நடுங்கிப்போய் நிற்கும். வீட்டுக்குள் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வீட்டுக் கேமரா வரவேண்டியிருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம் எடுக்கும் அக்பா கிளிக் கேமரா அரசு ஊழியர், ஆசிரியர் வீடுகளுக்கு முதலில் வந்தது. அதில் போடும் கறுப்பு வெள்ளைச் சுருளை ஊட்டியிலேயே செய்தார்கள். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் விற்றது. பிறகு ஹாட்ஷாட் வந்தது, தொண்ணூறுகளில் கோடாக்கின் கேபி10 வந்தது, கலர் வந்தது, சுருளுக்கு முப்பத்தாறு படம் ஆனது. முப்பத்தாறும் முடியாமல் கழுவக் கொடுப்பதில்லை என்பதால், ஒரே சுருளில் பொங்கலும் ஆற்றுத் திருவிழாவும் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையும் இருக்கும். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்று மணலில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படங்கள் இந்தப் பகுதி வீட்டு ஆல்பங்களில் ஒன்றாவது இருக்கும். அந்த மணல் பல இடங்களில் இன்று இல்லை. ஆற்றைப் பதிந்து வைக்கவேண்டும் என்று யாரும் எண்ணி எடுக்கவில்லை. பிள்ளையை எடுத்தார்கள், பின்னால் ஆறு இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன். பழைய வீட்டுப் படம் ஒன்றை எடுத்துப் பார்க்கும் பெரியவர்கள் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வெகுநேரம் பின்புலத்தைப் பார்க்கிறார்கள். அந்தத் திண்ணை, அந்த மாட்டுக்கொட்டாய், சுவரில் தொங்கும் காலண்டர், ரேடியோ மேல் விரித்த பூ வேலைத் துணி, கதவோரம் பாதி தெரியும் தாத்தாவின் கால். முகம் எப்படியும் நினைவில் இருக்கும். இந்தச் சின்னச் சாமான்களைத்தான் மறந்துபோகிறோம். ஆனால் இன்றைய செல்போனில் ‘போர்ட்ரெய்ட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. பிள்ளை முகத்தை மட்டும் துலக்கி, பின்னால் இருப்பதை எல்லாம் மங்கலாக்கிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அழகுக்காக வீட்டையே அழித்துவிடுகிறது அது. வீட்டுப் படத்துக்கு அந்த வசதியைத் தொடவேண்டாம் என்பது என் கருத்து. சமையல் மேடையும் மூட்டை அடுக்கிய மூலையும் தெரியட்டும். சாமான் கலைந்து கிடக்கிறதே என்று கூச்சப்படவேண்டாம். முப்பது ஆண்டு கழித்து உங்கள் மகள் அந்தக் கலைசலைத்தான் கண் கலங்கத் தேடுவாள்.

எடுக்கும் முறை பற்றி நிறையச் சொல்கிறார்கள். எனக்குப் பயன்பட்டவை சில. பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து, முடிந்தால் தரையில் உட்கார்ந்து எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் கால் சிறுத்தும் போகும், பிள்ளை நம் அதிகாரத்தின் கீழ் நிற்பதுபோலத் தெரியும். நம் வீடுகளில் நல்ல வெளிச்சம் கிடைக்கும் இடம் வாசற்படியும் திண்ணையும். பிள்ளை வாசலைப் பார்த்து உட்கார்ந்து எழுதும்போது பக்கவாட்டில் நின்று எடுத்தால் பிளாஷ் தேவைப்படாது. தகரக் கூரை, ஓட்டு வீடுகளில் காலை எட்டு மணிக்கு முன்னால் உள்ளே வரும் வெளிச்சம் போதும். போன் லென்சில் எண்ணெய்க்கை பட்டிருக்கும், வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுங்கள். பல படங்கள் மங்கலாவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு முக்கியமான ஒன்று: “இங்க பாரு, சிரி” என்று சொல்லாமல் இருப்பது. கூப்பிட்டவுடன் பிள்ளை தன் வேலையை விட்டுவிடுகிறது. எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். எறும்பைப் பார்த்த முகம் போய்விட்டது, இனி வராது.

எதை எடுப்பது? விழா நாட்களை எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுப்போம். ஆயா பேன் பார்க்கும் மத்தியானம், தம்பிக்கு அக்கா சோறு ஊட்டுவது, ஷூ கயிறு கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது, கரும்பைக் கடித்து வாய் கிழிந்து விழிப்பது, கரண்ட் போன இரவில் பாயில் எல்லாரும் ஒன்றாகப் படுத்திருப்பது இவைதான் ஆல்பங்களில் குறைவு. மதுரைப் பக்கம் வாடிப்பட்டியில் பிறந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பித் தன் குடும்பத்தையும் வீட்டுப் பிள்ளைகளையும் எடுத்த படவரிசை அயல்நாடுகள்வரை போனது. சொந்த வீட்டை நெடுநேரம் பார்ப்பதே பெரிய கலை ஆகலாம் என்பதற்கு நம் பக்கத்துச் சான்று அது. தில்லியில் கலை விமர்சகராக இருந்த ரிச்சர்ட் பார்த்தலோமியுவும் (1926–1985) ஐம்பது, அறுபதுகளில் தன் மனைவியையும் இரண்டு மகன்களையும் இப்படித்தான் எடுத்தார். மகன்களில் ஒருவரான பாப்லோ பின்னாளில் பெயர்பெற்ற படக்காரர் ஆனார், தந்தையின் நெகட்டிவ்களைப் பாதுகாத்து வெளிக்கொண்டுவந்தார்.

வீட்டுப் படங்களில் அம்மா இருப்பதில்லை என்ற குறை பரவலாக உண்டு. போன் அவர் கையில் இருப்பதால் பிள்ளை பக்கத்தில் அவர் இல்லை. அப்பா கையில் போன் இருந்தால் அம்மா அடுப்படியில் இருக்கிறார். “நான் நைட்டியோட இருக்கேன், எடுக்காதீங்க” என்று மறுக்கிறார். அவர் விருப்பத்தை மீறி எடுக்கவேண்டாம், ஆனால் கேட்டுக் கேட்டு எடுங்கள். பிள்ளை பின்னால் தேடப்போவது தன் முகத்தை மட்டும் இல்லை. தன்னைத் தூக்கி வைத்திருந்த கையையும்தான்.

நிறம் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசவேண்டும். கலர் பிலிம் வெள்ளைத் தோலை அளவாக வைத்தே உருவாக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட ‘ஷெர்லி’ அட்டையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தன. கரிய முகங்கள் விவரம் இழந்து இருண்டுபோயின. சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் தங்கள் பொருளின் பழுப்பு சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே அடர்நிறங்களைப் பதியும் திறன் கூட்டப்பட்டது என்பது ஆய்வாளர்கள் எழுதி வைத்த வரலாறு. நம் ஸ்டுடியோக்களில் பவுடர் அடித்து உட்காரவைத்தார்கள்; இன்று போனே கேட்காமல் வெளுத்துக் காட்டுகிறது. பிள்ளையின் சொந்த நிறத்தை வெளுக்கவைத்துச் சுவரில் மாட்டினால், உன் நிறம் போதாது என்று அந்த வீடே அதற்குத் தினமும் சொல்கிறது. அழகாக்கும் செயலிகளைப் பிள்ளைகள் முகத்தின்மேல் பயன்படுத்தவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஆல்பம் வாய்க்கிறதா? திருக்கோவிலூரிலிருந்து கிளம்பிக் கல்வராயன் மலை ஏறினால் விடை வேறாகிறது. வேலைக்காகக் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் போகும் பெற்றோர், தாத்தா பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்கும் பிள்ளைகள், சிக்னல் எட்டாத சிற்றூர்கள். அங்கே சில பிள்ளைகளுக்குக் குழந்தைப் படம் என்பது அலுவலகங்கள் எடுத்ததுதான். ஐந்து வயதுக்குக் கீழ் நீலநிற ஆதாருக்கு ஒரு படம். ஐந்து வயதில் கைரேகையோடு புதுப்பிக்க ஒன்று, பதினைந்தில் ஒன்று. பள்ளிப் பதிவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பிள்ளை நேராகப் பார்க்கிறது, வெறுமனே நிற்கிறது. அரசுக்கு அதுவே போதும். ஒரு மனிதருக்குப் போதாது. உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் அதன் தோழர்களோடு ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, கையில் கொடுத்து அனுப்பினால் பெரிய செலவில்லை. தூரத்தில் தோட்ட வேலையில் இருக்கும் தாய்க்கு அது போய்ச் சேரும். பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்குவதும் நடக்கிறது. 2022இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தயானிதா சிங்–பாரி விருதைப் பெற்ற மதுரைக்காரர் பழனிக்குமார், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லித்தருகிறார். அவர்கள் தங்கள் பெற்றோரின் வேலையைத் தாங்களே பதிகிறார்கள். இது மலைக்கும் வரவேண்டும்.

சாதாரணப் படம் ஒருநாள் சாட்சியாகிவிடுவதும் உண்டு. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் வீதியோரம் போராட உட்கார்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். பள்ளிச் சீருடையிலோ பிறந்தநாள் சட்டையிலோ எப்போதோ எடுத்தவை. இடம்பெயர்ந்து ஓடும்போது அவற்றைக் கைவிடாமல் காத்திருக்கிறார்கள்.

படமெடுப்பது நினைவை வளர்க்கிறதா, தேய்க்கிறதா? உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. கவனித்து எடுத்தால் நினைவு நிற்கிறது, அனிச்சையாக அமுக்கினால் போனிடம் ஒப்படைத்துவிட்டு மனம் விலகிக்கொள்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இன்னொரு ஆய்வு பிள்ளைகள் பக்கத்தைச் சொல்கிறது. 2002இல், சிறு வயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததாகப் போலியாகச் செய்த படத்தைக் காட்டியதும், கலந்துகொண்டவர்களில் சுமார் பாதிப்பேர் நடக்காத அந்தப் பயணத்தை ஏதோ ஒரு அளவில் ‘நினைவுகூர்ந்தார்கள்’. நாம் விட்டுப்போகும் படங்கள்தாம் பிள்ளையின் பால்யம் என்று ஆகிவிடும். சண்டை, காய்ச்சல், அழுகை எதுவும் இல்லாமல் பிறந்தநாள் கேக்குகளை மட்டும் விட்டுப்போனால், அது பாதிப் பால்யம். அழும்போது எடுக்கலாமா என்றால், முதலில் தூக்குங்கள். தேற்றிய பிறகும் எடுக்கவேண்டும் என்று தோன்றினால் எடுங்கள். திட்டு வாங்கி நிற்கும் பிள்ளையை வீடியோ எடுத்து உறவுக்காரர்களைச் சிரிக்கவைப்பது கொடுமை.

இனி, எடுத்த படத்தைக் காட்டுவது. பிள்ளை பேரில் வங்கியில் போட்ட பணத்தை நாம் நம் செலவுக்கு எடுப்பதில்லை. அதன் முகத்தையும் அப்படித்தான் கருதவேண்டும். அமெரிக்காவில் சாலி மான் தன் மூன்று பிள்ளைகளை வீட்டிலும் ஆற்றங்கரையிலும் எடுத்து 1992இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிடிக்காத படங்களை நீக்கச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். ஆடையில்லாத படங்கள் இருந்ததால் அன்று எழுந்த சர்ச்சை ஓயவில்லை. 2025 ஜனவரியில் டெக்சாஸ் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அவருடைய படங்களைக் காவல்துறை எடுத்துச் சென்றது, குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. பெரும் கலைஞருக்கே இந்த நிலை. சான்பிரான்சிஸ்கோவில் 2021இல் ஒரு தந்தை, மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையின் மறைவிட வீக்கத்தைப் படமெடுத்தார். படம் தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விட்டது. கூகுள் அவர் கணக்கை முடக்கிக் காவல்துறைக்குத் தெரிவித்தது. குற்றமில்லை என்று காவல்துறை சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அதில் அவருடைய மகனின் குழந்தைப் படங்கள் எல்லாம் இருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது; பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் நிறுவனங்கள் அவர்கள் தரவைக் கையாளக் கூடாது, பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் செய்வதை இந்தச் சட்டம் தொடாது. பெற்றோரே பொதுவெளியில் போட்டுவிட்ட படத்துக்கும் இதன் காவல் கிடைப்பது அரிது, ஏனெனில் குழந்தையின் இடத்தில் பெற்றோரையே வைத்து அது பார்க்கிறது. பிரான்சு 2024 பிப்ரவரியில் ஒரு படி மேலே போனது. பிள்ளையின் உருவத்தைக் காப்பது பெற்றோர் இருவரின் கூட்டுக் கடமை, பிள்ளையையும் அதன் வயதுக்கேற்பக் கலந்துகொள்ளவேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டது. நமக்கும் அப்படி ஒரு விதி வரவேண்டும். வரும்வரை வீட்டு விதி போதும்: குளிக்கும் படம், பள்ளிச் சீருடையில் பெயரும் முத்திரையும் தெரியும் படம், தினமும் போகும் வழி தெரியும் படம் எதையும் வெளியே வைக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் தாய்மாமனுக்கும் சித்திக்கும் தனியாக அனுப்பலாம். ஆறேழு வயதுக்குமேல் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

காப்பதில்தான் நாம் மோசம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்டு, பெண்ணை கரைபுரண்டு திருக்கோவிலூர், அரகண்டநல்லூர்ப் பகுதிகளில் புகுந்தது. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் சுத்தமான நீரில் அலசி, படம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலானவற்றைக் காக்கலாம். வெயிலில் காயவைத்தால் சுருண்டு வெடிக்கும். பசை தடவிய பக்கங்களும் பிளாஸ்டிக் மேலுறையும் கொண்ட எண்பதுகளின் ஆல்பங்கள் படங்களை மெல்ல அரிக்கின்றன. உறுதியாக ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காமல் அப்படியே போனில் எடுத்து வையுங்கள். போனில் உள்ளவை பத்திரம் என்ற எண்ணமும் தவறு. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது; இரண்டு ஆண்டு தொடாத கணக்குகளை அழிக்கவும் விதி வைத்திருக்கிறது. வாட்ஸாப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போய்ச் சேருகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு எடுத்தவற்றில் இருபத்தைந்து படங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். அது வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள். ஊரில் இன்னும் திறந்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சிட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அழியாத மையில் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி, ஆற்று வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். பழைய ஸ்டுடியோப் பெட்டிகளில் கிடைக்கும் எத்தனையோ பிள்ளைகளின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது, அந்த ஒரு வரியை எழுதி வைக்க அன்று ஆள் இல்லாததால்.